வக்கீலா, வழக்குரைஞரா?

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு முன்னறையை என் மனைவி அலுவலகமாக்கியபோது, பலகையில் என்ன எழுதுவது என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு சட்டம் படித்தவள் அவள். 'வக்கீல்' என்று போட்டால் போதும் என்றாள். நான் அகராதியைப் பிரித்தேன். வழக்கை அறிந்தவர் வழக்கறிஞர். எடுத்து உரைப்பவர் வழக்குரைஞர். நீதிமன்றத்தில் பேசுவதுதானே தொழில்? இரண்டாவதே பொருத்தம் என்று முடிவு செய்தேன்.

ஸ்டிக்கர் கடைக்காரர் தயங்கினார். "எல்லாரும் வழக்கறிஞர்னுதான் போடுறாங்க சார். எழுத்துப் பிழைனு எங்க கடையத்தான் சொல்லுவாங்க."

பலகை ஏறியது. ஆள் வரவில்லை. இந்த வயதில் தன்னை நம்பி யார் வழக்குக் கொடுப்பார்கள் என்று அவள் கேட்கத் தொடங்கியிருந்தாள்.

ஒரு காலை, அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கும் பெண்மணி ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார்.

"போர்டுல வேற என்னமோ எழுதியிருக்குது. வக்கீல் வூடு இதானேங்க?" என்று என்னிடம் பையை நீட்டினார். உள்ளே இருந்தவை நிலப் பத்திரங்கள்.

"வக்கீல் நான்தாங்க. உக்காருங்க" என்றாள் என் மனைவி.

அவர் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "நல்லா படிச்சவங்கம்மா, எதையும் நிதானமா..."

"நீங்க ஏன் சார் வக்காலத்து வாங்குறீங்க? அவங்களே பேசட்டும்."

நான் டீ போடப் போனேன்.

சமையலறை வரை கேட்டது. என் மனைவி எதையும் உரைக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். கொழுந்தன் வேலியை எப்போது நகர்த்தினார், அளந்தது யார், பட்டா யார் பேரில் இருக்கிறது. டீயோடு திரும்பியபோது பை அவள் பக்கம் இருந்தது. அந்தப் பெண்மணி வக்காலத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்துச் செய்ங்க வக்கீலம்மா. அந்த எடம் போச்சுன்னா கடையும் போச்சு."

அவர் போனதும் மறுபடி அகராதியை எடுத்தேன். வக்கீல், வக்காலத்து இரண்டும் அரபியில் ஒரே வேரில் பிறந்து, நவாபு ஆண்ட நாளில் ஆற்காட்டுச் சீமையில் புழங்கி நிலைத்தவை. தன் காரியத்தை நம்பி இன்னொருவர் கையில் ஒப்படைப்பது என்பது அந்த வேரின் பொருள். வாசித்துக் காட்டினேன்.

"இதத்தானே அன்னைக்கே சொன்னேன்" என்றாள், காகிதங்களில் துளை போட்டபடி.

"நீ அர்த்தம் சொல்லலியே?"

"ஆள் வந்தாதானேங்க அர்த்தம்."

சாயங்காலமே ஸ்டிக்கர் கடைக்குப் போய், பழைய சொல்லுக்கு மேலே 'வக்கீல்' என்று பெரிதாகப் போடச் சொன்னேன். கடைக்காரருக்கு நிம்மதி.

"இதுல எழுத்தும் கம்மி சார், சண்டையும் கம்மி."

'கம்மி'யும் அதே நவாபு ஆட்சியோடு வந்த சொல்தான். அவரிடம் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.