பிள்ளையார் கொடுத்த மஞ்சள் அட்டை

என் தங்கையின் மகன் யது பந்தைக் கண்டால் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். கேட்பவர்களுக்கு இது பெரிய துன்பமாகத் தெரியாது. அவனுக்கோ பிழைப்பே அந்தக் கால்தான்.

யது லண்டனில் பிறந்தவன். எட்டு வயதில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் பயிற்சிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பதினெட்டில் சம்பளத்துக்கு விளையாடும் ஒப்பந்தம் கிடைத்தது. நடுக்கள ஆட்டக்காரன். எதிரணிக்காரன் பந்தோடு வரும்போது குறுக்கே காலை வைத்துப் பறிப்பது அவன் வேலை. கோல் அடிப்பவனைத் தூக்குவதுபோல இவனை யாரும் தோளில் தூக்குவதில்லை. இவன் இல்லாவிட்டால் நடுவில் வழி திறந்துவிடும், அவ்வளவுதான்.

இருபது வயதில், மழை பெய்த ஒரு சனிக்கிழமை, அப்படிப் பறிக்கப் போன இடத்தில் வலது முழங்காலில் தசைநார் அறுந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பல மாதம் ஊன்றுகோலோடு திரிந்தான். கடந்த வருடம் வசந்தகாலத்தில் முழங்கால் சுகம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கால் சுகமானது. அவன் சுகமாகவில்லை. யாராவது பந்தோடு நெருங்கினால் ஒதுங்கினான். கோடைகாலப் பயிற்சி ஆட்டங்கள் வரை பார்ப்போம், பழைய மாதிரி ஆடாவிட்டால் ஒப்பந்தம் இல்லை என்று கழகம் சொல்லிவிட்டது.

தங்கை அழுதபடி எனக்கு அழைத்தாள்.

"அண்ணை, அறைக்கதவைச் சாத்தினால் திறக்கிறானில்லை. கொஞ்ச நாளைக்கு உங்களோடை வச்சிருங்கோ."

"நான் அவனுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ. அதுக்குத்தான் உங்களிட்டை அனுப்புறன். இஞ்சை எல்லாரும் புத்தி சொல்லியே அவனுக்கு விசர் பிடிக்கப் போகுது."

அவள் சொன்னது சரிதான். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பதினேழு வயதில் ஊரிலிருந்து அகதியாக வெளிக்கிட்டு பாங்கொக், மொஸ்கோ, கீவ், ரோம் என்று அலைந்தேன். இரண்டு இடத்தில் பிடித்து அடைத்தார்கள். ஒரு லொறியில் முட்டைக்கோசுப் பெட்டிகளுக்கு நடுவே படுத்து எல்லை கடந்தேன். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எங்களில் பலர் அப்படித்தான் வந்தோம். பாரிசுக்கு வந்த பிறகும் எனக்குத் தரித்து நிற்க முடியவில்லை. உணவகம், கட்டடம், துப்புரவு என்று எந்த வேலையிலும் ஒரு வருடம் நின்றதில்லை. தங்கை அழைத்தபோது, பாரிசில் எங்கள் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குத் தேருக்கும் அன்னதானத்துக்கும் மட்டும் போகிறவன்.

மே மாதம் யது வந்து இறங்கினான். அந்த ஞாயிறு அவனைப் பாரிசுக்கு வெளியே கார்ஜுக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு புல்வெளியில் நாற்பது தாண்டிய எங்கள் ஆட்கள் வயிற்றைக் குறைக்கப் பந்து தட்டுவார்கள். யதுவும் சும்மா நின்று தட்டினான். உணவகத்தில் சமைக்கிற சிறி அண்ணை, ஐம்பது தாண்டியவர், மூச்சு வாங்க வாங்கப் பந்தோடு அவனை நோக்கி வந்தார். யது காலை நீட்டப் போனான். பாதியில் இழுத்துக்கொண்டான். சிறி அண்ணை கடந்து போய்க் கோலும் அடித்துவிட்டார்.

"தம்பி, லண்டனிலை பெரிய ஆளெண்டு சொன்னாங்கள். கொத்துரொட்டி போடுற எனக்கே வழி விடுறாய்?"

எல்லோரும் சிரித்தார்கள். யதுவும் சிரித்தான். திரும்பி வரும்போது ரெயிலில் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

"மாமா, முழங்கால் ஓகே. விழத்தான் பயமாக் கிடக்கு. பந்து வரேக்கை விழுறதைப் பற்றி யோசிக்கிறன். யோசிச்சால் லேட்."

இறங்கும்போது, "எனக்கு வேறை ஒரு வேலையும் தெரியாது மாமா," என்றான்.

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்குப் பத்து வேலை அரைகுறையாகத் தெரியும். எதை இழந்தாலும் அடுத்ததற்குப் போவேன். அவனுக்கு ஒன்றுதான். அதையும் நன்றாகச் செய்தவன். இருபத்தொரு வயதில் அதைப் பறிகொடுத்தால் எங்கே போவான்?

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் எங்கள் பிள்ளையார் கோயிலுக்குள் போனேன். அர்ச்சனைச் சீட்டுக்கூட எடுக்கவில்லை. தேவாரம் தெரியாது. தெரிந்த மாதிரிக் கும்பிட்டேன். "அப்பனே, இவன் பயமில்லாமல் காலை வைக்க வேண்டும். வைத்தால், இந்தத் தேருக்கு இவன் உனக்குப் பிரதட்டை அடிப்பான்" என்று நேர்ந்தேன். தேருக்குப் பின்னால் தெருவில் உடம்பை உருட்டிக்கொண்டு போகிற நேர்த்திக்கடன் அது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு பெட்டி இறக்கப் போனேன்.

மத்தியானம் தங்கைக்குச் சொன்னேன். அவள் குதித்தாள்.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? நேர்றதெண்டால் உங்கடை உடம்பை வச்சு நேருங்கோ. என்ரை பிள்ளையின்ரை உடம்பை ஏன் வச்சனீங்கள்?"

"அவனுக்காகத்தானே கேட்டனான்."

"கேட்டது நீங்கள். உருளுறது அவனோ?"

எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஆனால் சொன்ன சொல்லைக் கடவுளிடம் திருப்பி வாங்குவது எப்படி என்று தெரியவில்லை.

அன்று மாலை யதுவுக்கும் சொன்னேன், பயந்து போவான் என்று நினைத்தேன். அவனோ, "பிரதட்டை எண்டால் என்ன? செய்து காட்டுங்கோ," என்றான். என் ஒற்றை அறையில் கட்டிலுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் இடையில் படுத்து, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, உருண்டு காட்டினேன். பெட்டியில் தலை இடித்தது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வந்த பிறகு அவன் மனம் விட்டுச் சிரித்தது அன்றுதான். பிறகு தானும் படுத்தான். மாறி மாறி உருண்டோம். கீழ் வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டித் திறந்து, இரண்டு பேரும் தரையில் கிடப்பதைப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாளும் உருண்டான். அதற்கடுத்த நாளும். ஒரு மாலை தரையில் கிடந்தபடியே சொன்னான்.

"மாமா, இவ்வளவு நாளும் விழேக்கை கையை ஊண்டி, உடம்பை இறுக்கித்தான் விழுந்தனான். இதிலை கை மேலை. ஊண்ட ஏலாது. அப்பிடியே விட்டால் நோகேல்லை."

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டேன். நான் நேர்ந்தது பிழைதான். என் உடம்பை வைத்து நேர்ந்திருந்தால் அவன் இந்தத் தரையில் படுத்திருக்கவே மாட்டான். பிழையையும் பிடித்து வேலை வாங்குகிற கடவுள் எங்கள் கடவுள் என்று அன்று எனக்கு விளங்கியது.

அந்த ஞாயிறு சிறி அண்ணை பழைய தைரியத்தில் பந்தோடு வந்தார். யது வலது காலை வைத்தான். பந்து அவனிடம். சிறி அண்ணை புல்லில். கிடந்தபடியே கத்தினார்:

"டேய், நாளைக்கு நான் வேலைக்குப் போகவேணுமடா!"

யூலையில் யது லண்டனுக்குத் திரும்பிப் போனான், அங்கே பயிற்சி ஆட்டம். கழகம் அதை இணையத்தில் காட்டியது. கடையில், கத்தரிக்காய்ப் பெட்டிக்கு மேல் முதலாளியின் தொலைபேசியைச் சாத்தி வைத்து நானும் அவருமாகப் பார்த்தோம். இரண்டாம் பாதியில் யதுவை இறக்கினார்கள். எதிரணியின் உயரமான பெடியன் ஒருவன் பந்தோடு பறந்து வந்தான். யது தாழ்வாகப் போய் வலது காலை வைத்தான். பந்தும் வந்தது, ஆளும் வந்தான். இரண்டு பேரும் உருண்டார்கள். யது உருண்ட வேகத்திலேயே எழும்பி நின்றான். முரட்டு ஆட்டத்துக்கு எச்சரிக்கையாக நடுவர் மஞ்சள் அட்டையைத் தூக்கினார்.

நான் கத்தினேன். என் தொலைபேசியில் லண்டனிலிருந்து தங்கை கத்தினாள். பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சு அம்மா கோலா என்று கேட்டார். இல்லை, மஞ்சள் அட்டை என்றேன். பீன்சை வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை கோயிலில் மோதகம் படைத்துக் கடைக்கும் கொண்டுவந்தேன்.

"தண்டனை வாங்கினதுக்கு மோதகம் குடுக்கிற குடும்பம் உலகத்திலை நீங்கள் மட்டும்தான்," என்றார் முதலாளி. இரண்டு தரம் எடுத்துச் சாப்பிட்டார்.

ஓகஸ்டில் ஒரு வருட ஒப்பந்தம் கிடைத்தது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது. உடம்புக்கு ஆபத்தான எதையும் கழகத்தைக் கேட்காமல் செய்யக்கூடாது. யது பிரதட்டை வீடியோ ஒன்றைக் கழகத்தின் உடற்பயிற்சி வைத்தியருக்குக் காட்டிக் கேட்டான். அவர் இரண்டு தரம் பார்த்தாராம். இது என்ன விளையாட்டு என்று கேட்டாராம். பிறகு, கூடாது என்றாராம்.

நான் கோயில் குருக்களிடம் ஓடினேன்.

"நேர்ந்தது ஆரின்ரை வாய்?" என்று கேட்டார்.

"என்ரை வாய்தான் ஐயா."

"அப்ப அந்த வாய் இருக்கிற உடம்பு உருளட்டும்."

தேரன்று வேட்டியை இறுக்கிக் கட்டி லாச்சப்பல் தெருவில் படுத்தேன். தொண்டர்கள் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள், இருந்தும் தார் சுட்டது. சனிக்கிழமை ஆடிவிட்டு ஞாயிறு முதல் ரெயிலில் வந்த யது, தெருக்கூட்டுகிற தும்புத்தடியோடு எனக்கு முன்னால் போய்ச் சிதறுதேங்காய் ஓடுகளை ஒதுக்கி வழி செய்தான். அரோகரா கேட்டது, வானம் வந்தது, தெரு வந்தது, திரும்ப வானம் வந்தது. இத்தனை நாடு கடந்தும் நான் இவ்வளவு சந்தோசமாக எங்கேயும் போனதில்லை.

யது இன்னும் பாதி ஆட்டங்களில் மைதான ஓரத்து வாங்கில்தான் இருக்கிறான். இறக்கினால் காலை வைக்கிறான். நான் அதே கடையில் ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பாத்திரம் கழுவுகிறேன். வேறு ஊருக்குப் போகலாம் என்ற நினைப்பு வரும்போது, வெள்ளிக்கு யார் கழுவுவது என்று கேட்டுக்கொள்கிறேன். நினைப்பு போய்விடுகிறது.

துன்பத்தோடு இதை வாசிக்கிறவர்களே, முறையாகக் கும்பிடத் தெரியாதே என்று வாசலில் நிற்காதீர்கள். எனக்கும் தெரியாது. உள்ளே போய், வாயில் வருகிறபடி கேளுங்கள். பிழையாகக் கேட்டாலும் அவர் சரியாகத்தான் தருகிறார். நேரும்போது மட்டும் உங்கள் சொந்த உடம்பை வைத்து நேருங்கள். எப்படியும் அதைத்தான் உருள வைப்பார்.