மூன்று மாதச் சராசரி

பரிசோதனைக் கூடத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவசரத்துக்குப் பூதம். ரத்தம் எடுப்பதும் எடுத்த ரத்தத்தைச் சோதிப்பதும் அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே மூன்றாவது மாடி, அதே ஜன்னலோர மேஜை. கையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. ஊசி ஏறியதே தெரியாது. குறையெல்லாம் அவருடைய பார்வையைப் பற்றித்தான்.

"வெறும் வயித்துலதான் வந்தீங்களா?" என்று கேட்பார். எல்லா இடத்திலும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவர் கேட்டால், திருடிய நகையை எங்கே புதைத்தாய் என்று கேட்கிற மாதிரி இருக்கும். ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர்களுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிடும், ஒருவேளை தூக்கத்தில் எதையாவது தின்றோமோ என்று.

ஒருமுறை பெரியவர் ஒருவர், "தண்ணி கூடக் குடிக்கலை தம்பி" என்று அடித்துச் சொன்னார். பூதம் ரத்தத்தை மிஷினில் வைத்துச் சுழற்றினார். சிவப்பு அணுக்கள் அடியில் தங்க, மேலே தெளிவான மஞ்சள் நீர் நிற்க வேண்டும். நின்றது மோர் மாதிரி வெள்ளையாக. நெய்யும் கொழுப்புமாகத் தின்று சில மணி நேரத்துக்குள் வந்தவரின் ரத்தம்தான் அப்படிக் கலங்கும். குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்கே வந்துவிட்டார்.

"ஐயா, வெண்ணெயா, நெய்யா?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். "வெண்ணெய்தான். ரொட்டில தடவி... நாலு."

இப்படி ஆயிரம் பேரைப் பிடித்தவர். வாய் பொய் சொல்லும், ரத்தம் சொல்லாது என்பது அவர் கட்சி. தப்பான கட்சி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கட்சியை அவர் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போயிருக்கலாம்.

போன வருஷம் அவர் மனைவி அசதியாக இருக்கிறது என்றாள். மாடியேறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் அவர் ஊசியை எடுத்துவிட்டார். குழாயில் பெயருக்குப் பதில் "வீடு" என்று எழுதி ஒட்டிக்கொண்டு போய்ச் சோதித்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரை தொண்ணூற்றிரண்டு. தங்கமான அளவு. வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். இவர் மூன்று மாதச் சராசரியையும் பார்த்தார். ஆறு புள்ளி ஒன்பது. சர்க்கரை வியாதி என்று எழுதிக் கையெழுத்துப் போடக்கூடிய அளவு.

அந்தச் சோதனை மேல் அவருக்குத் தனிப் பாசம். ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரை, சிவப்பு அணுவுக்குள் இருக்கும் சிவப்புப் பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் விடாது. அணுவுக்கு ஆயுள் ஏறக்குறைய நூற்றிருபது நாள். அதனால், எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் மூன்று மாத வண்டவாளமும் தெரிந்துவிடும். முதல் நாள் பட்டினி கிடந்து வெறும் வயிற்றுச் சோதனையை ஏமாற்றலாம். இதை ஏமாற்ற முடியாது.

ஆக, ஒருநாள் அளவு நல்லபிள்ளை. மூன்று மாத அளவு களவாணி. இதற்கு என்ன அர்த்தம்? அவருக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும்.

அன்றைக்கே சர்க்கரை டப்பா பீரோ மேல் ஏறியது. பழக்கூடை காலியானது. சாப்பாட்டை அவரே அளந்து வைத்தார். மனைவி வாயைத் திறக்காமல் வைத்ததைச் சாப்பிட்டாள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஏழு புள்ளி ஒன்று.

"சத்தியமாச் சொல்றேங்க, நான் எதுவும் தின்னலை."

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார். சொல்லத்தான் இல்லை. பார்த்தார்.

அதற்கப்புறம்தான் அந்தச் சத்தம். காலையில் சவரம் செய்துகொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து கடக் மொடக் என்று கேட்கும். யாரோ எதையோ கடித்து நொறுக்குகிற சத்தம். நுரை வடிய ஓடிவந்து பார்த்தால், அவள் கிண்ணம் கழுவிக்கொண்டு நிற்பாள். வாய் மூடியிருக்கும். கண் எங்கோ பார்க்கும். அந்தக் கண்ணை அவர் ஜன்னலோர மேஜையில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார்.

அவள் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து வீட்டைச் சல்லடை போட்டார். அரிசி டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவினார். தையல் மிஷின் இழுப்பறையைக் கவிழ்த்தார். அவளுடைய புடவை மடிப்புகளில்கூடத் தேடினார். அதைச் செய்யும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. செய்து முடித்துவிட்டுத்தான் வெட்கப்பட்டார். ஒரு பிஸ்கட் தூள் அகப்படவில்லை. கிண்ணத்தை மோந்து பார்த்தால் தண்ணீர் வாசனை.

கீழ்க் கடைக்காரரிடம் விசாரித்தார். "எங்க வீட்டம்மா மிட்டாய், பிஸ்கட் ஏதாவது வாங்குறாங்களா?"

"அவங்களா? சோப்புத்தூள் தவிர ஒண்ணும் வாங்க மாட்டாங்களே சார்."

இவனும் கூட்டு என்று முடிவு செய்துகொண்டு மாடியேறினார்.

அவள் நாளுக்கு நாள் இளைத்தாள். துணி காயப்போடப் போனவள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "தலை சுத்துதுங்க" என்றாள். "சுகர் ஏறினா அப்படித்தான் சுத்தும்" என்றார். உண்மையில் அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. இப்படியே போனால் கண் போகும், சிறுநீரகம் போகும், கால் போகும் என்று அவருக்கு வரிசை மனப்பாடம். கையும் களவுமாகப் பிடித்தால்தான் இவளைக் காப்பாற்ற முடியும் என்று நிஜமாகவே நம்பினார்.

ஒரு புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கீழேயே கழற்றினார். தன் சாவியால் சத்தமில்லாமல் கதவைத் திறந்தார். கடக் மொடக் கேட்டது.

அவள் குளிர்சாதனப் பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது.

"வாயைத் திற."

அவள் தலையாட்டி மறுத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"திறன்னு சொல்றேன்ல."

திறந்தாள். உள்ளே ஐஸ் கட்டி. பாதி கடித்தது. தண்ணீர் தாடையில் வழிந்தது.

"ஐஸா?"

"வேற ஒண்ணும் இல்லைங்க. ஐஸ்தான். தினம் ரெண்டு தட்டு தின்னுடறேன். ஏன்னு தெரியலை, கடிக்கலைன்னா பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கு. சொன்னா சிரிப்பீங்க, இல்லை அதையும் பூட்டி வைப்பீங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ரத்தம் குறைந்துபோய், ஐஸ் தின்னத் தூண்டுகிற உடம்பைப் பற்றி அவர் படித்திருந்தார். கட்டைவிரலால் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. ஒரு வருஷம் அவள் வாயைக் காவல் காத்தவர், மேலே நாலு விரல் தள்ளியிருந்த இமைக்குள் ஒருதடவைகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் முழு ரத்தச் சோதனை செய்தார். பதின்மூன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ரத்த அளவு ஆறு புள்ளி எட்டு. கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார். அணுக்கள் சின்னச் சின்னதாக, நடுவில் வெளிறிப் போயிருந்தன. கூடத்துப் பொறுப்பு டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இரும்புச் சத்து சுத்தமா இல்லை. யாருக்கு இது?"

"வீட்டுக்கு, மேடம். ஆனா மூணு மாசச் சராசரி ஏழு காட்டுச்சே?"

"காட்டத்தான் செய்யும். இரும்பு இல்லைன்னா புது அணு சரியா உருவாகாது. பழசே அதிக நாள் சுத்திக்கிட்டிருக்கும். சுத்தச் சுத்த சர்க்கரை ஒட்டிக்கிட்டேதானே இருக்கும்? ரத்தம் இவ்வளவு குறைஞ்சிருக்கறப்ப அந்த நம்பரை நம்பக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா?" அவள் நிமிர்ந்தாள். "மாசா மாசம் அதிகமாப் போகுதா அவங்களுக்கு?"

அவருக்குத் தெரியவில்லை. வராந்தாவுக்குப் போய்ப் போன் செய்து கேட்டார்.

"ரெண்டு வருஷமாப் போகுது" என்றாள் மனைவி. "அசதின்னு சொன்ன அன்னிக்கே அதையும் சொன்னேனே. நீங்க ஊசி தேடிட்டிருந்தீங்க."

டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்தாள். இரும்பு மருந்தை ஊசி வழியாக ஏற்ற வேண்டும், ரத்தப்போக்குக்கு மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும், முக்கியமாக வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்றாள். கடைசி வார்த்தை அவரை நன்றாகக் குத்தியது. குத்தட்டும்.

சாயந்தரம் மனைவி எதிரில் உட்கார்ந்து தாளை விரித்தார். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துக் காட்டினார்.

"சுகரே இல்லை. நீ திருட்டுத்தனமா எதையும் தின்னலைன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு அது போன வருஷமே தெரியும்ங்க."

அவர் தாளை மடித்தார். மறுபடி விரித்தார். "நான் உன்னை நம்பியிருக்கணும். தப்பு என்னுதுதான்."

அவள் கோபப்படவில்லை. கோபப்படத் தெம்பு வேண்டும். நிதானமாகக் கேட்டாள்.

"இந்தத் தாள் வராம இருந்திருந்தா?"

நம்பியிருப்பேன் என்று சொல்லலாம்தான். அவள் நம்பமாட்டாள்.