பினைல் மணத்த பவுசர்

கதிரவேலு அண்ணை புகையிலைத் தோட்டத்தை விட்டுவிட்டு எங்கள் மலக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தது சம்பளத்துக்காக அல்ல. முன்பெல்லாம் மலசலகூடக் குழிகளில் உறிஞ்சியதைப் பவுசர் வண்டிகள் அவருடைய வீட்டு வளவுக்குப் பின்னாலுள்ள கல்லுக்குழியில்தான் ஊற்றிவிட்டுப் போகும். சுண்ணக்கல் எதைத் தடுக்கும்? கிணற்றில் நைத்திரேற்று ஏறிவிட்டது, கைக்குழந்தைக்குக் கொடுக்கவேண்டாம் என்று சோதித்தவர்கள் சொன்னார்கள். நிலையம் திறந்ததும் கல்லுக்குழிக்குப் பவுசர் போவது நின்றது. அப்போது அவர் மகள் கோபிகா ஆறு மாதக் கர்ப்பிணி.

"என்ன கதிரவேலு, பீத்தாங்கிக்குப் பூசை முடிஞ்சுதோ?" என்று சந்தியில் கேட்பார்கள்.

"ஓம், பிரசாதம் கொண்டரட்டோ?" என்பார்.

பூசைதான். அமோனியாவை ஒரு பற்றீரியா நைத்திரேற்றாக்கும். காற்றை நிறுத்தினால் இன்னொன்று அதை வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், அதைப் படித்துத்தான் வந்தேன். ஆனால் காற்றை எப்போது நிறுத்துவதென்று நுரையைப் பார்த்தே சொன்னவர் அவர். ஒன்பது கிழமையாகத் தொட்டியில் அந்தப் பற்றீரியாச் சேற்றை வளர்த்தார்.

திங்கட்கிழமை நீர்ச் சோதனை. தவறினால் நிலையத்தைப் பூட்டி, பவுசர்களைப் பழையபடி கல்லுக்குழிக்கே விடுவார்கள்.

வெள்ளிக்கிழமை வந்த பவுசரின் குழாயைத் திறந்ததும் பினைல் மணந்தது.

"தம்பி, உதை இறக்கவேண்டாம்," என்றார் அண்ணை. "தொட்டிக்கு உள்ளை இருக்கிறதெல்லாம் செத்துப்போம்."

சாரதி எமில்ராஜ் நெளிந்தான். "சேர், உங்கடை வீட்டிலை எடுத்ததுதான். கோயில் கொடியேற்றத்துக்கு ஆக்கள் வருகினமெண்டு கூப்பிட்டவை. அம்மா ரெண்டு கலன் பினைல் ஊத்தினவ. மகன்ரை வேலையிடத்துக்கு நாறிக்கொண்டு போகக்கூடாதாம்."

எனக்கு முகம் சுட்டது. திருப்பி அனுப்பினால் எங்கள் ஊர் இணுவில் முழுக்கக் கதைக்கும்.

"ஒரு லோட்தானே அண்ணை, தாங்கும்."

படித்தவன் சொல்கிறான் என்று அவர் வால்வைத் திறந்தார்.

ஞாயிறு காலை தொட்டி முழுக்க வெண்ணுரை. அமோனியா கண்ணைக் கரித்தது. காற்றூதியை ஓடவிட்டு, சாப்பிடக்கூடப் போகாமல் அன்று முழுதும் விளிம்பிலேயே நின்றார். திங்கள் தோற்றோம். புதன் பூட்டினார்கள். மறுபடி சேறு வளர்க்க இரண்டு மாதம் கேட்டேன், யாரும் தரவில்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். கோபிகாவுக்குப் பெண்பிள்ளை பிறந்து நான்கு நாள். வேலிக்கு அப்பால், கல்லுக்குழிப் பக்கம், பவுசர் ஒன்று பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. அவர் கிணற்றுக் கப்பியிலிருந்து கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நான்..."

"பினைலாலைதான் எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை தம்பி," என்றார், கயிற்றைச் சுருட்டியபடி. "மனுசி தாங்காது."