மூலையில் சுருட்டி வைத்த பாய்

1991இல் வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊரில் குடியிருந்தோம். கணவருக்கு மறைமலை நகரில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகி மூன்று வருடமாகியும் குழந்தை இல்லை. தாய்வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த பூனைதான் வீட்டில் சின்னது. மகாராணி, வாசல் தாண்டி ஒன்றுக்குப் போகாது; வீட்டுக்குள்ளேயே எங்கேயோ போய் நாறடித்துக்கொண்டிருந்தது.

மாமியார் கெடு வைத்துவிட்டார். "வெள்ளிக்கிழம நம்ம வூட்ல ஜெபக் கூட்டம். யாராச்சும் மூக்கப் பொத்திக்கினாங்க, அன்னிக்கே பூனயக் கோணில போட்டு ஏரிக்கு அந்தாண்ட வுட்டுருவேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பினாயில் ஊற்றித் தேய்த்தேன். கதவிடுக்கில் சாம்பல் தூவிப் பெருக்கினேன். அரிசி மூட்டையைக்கூட நகர்த்தி எலுமிச்சைத் தோலால் தரையைத் துடைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் மாமியாரே மோந்து பார்த்துவிட்டு, "பரவால்லடி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாலையில் ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாய்கள் போதவில்லை. கதவு மூலையில் சுருட்டி நிறுத்தியிருந்த எங்கள் பாயையும் கடைசி வரிசையில் விரித்தேன்.

எங்கள் சபையில் முழங்கால் போட்டால் நெற்றி பாயில் படும்படி குனிய வேண்டும். குனிந்தேன். அவ்வளவு நாளும் வீடெல்லாம் தேடிய நாற்றம் அந்தப் பாய்க்குள்தான் இருந்திருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு புழக்கடைக்கு ஓடி வாந்தியெடுத்தேன்.

திரும்பி வந்தால் பெண்களெல்லாம் சிரித்த முகமாக இருந்தார்கள். "எத்தினி நாளாச்சும்மா?" என்று பாஸ்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் பாஸ்டர் கர்ப்பத்தின் கனிக்காக ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்கிவிட்டார். மாமியார் என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அழுதார். அப்படி அவர் என்னைத் தொட்டதே இல்லை.

சும்மா இருந்துவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னொரு 'ஆமென்' வந்தது. தாங்கவில்லை.

"அத்த, அதெல்லாம் இல்ல. பாய்ல பூன மூத்திரம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாஸ்டர் செருமிவிட்டு முடிவுப் பாட்டை எடுத்தார். மாமியார் கையை எடுத்துக்கொண்டார். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

எல்லாரும் போனபிறகு அவரே பாயைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் தேய்த்தார். நான் பின்னாலேயே போய் நின்றேன். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பூனய நாளைக்கு எங்கம்மா வூட்ல வுட்டுறேன் அத்த."

அவர் நிமிரவில்லை. "இன்னாத்துக்கு? கெடக்கட்டும்டி. வூட்ல ஒரு உசுராச்சும் ஓடியாடிக்கினு கெடக்கட்டும்."

பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.