மூணாம் நெம்பரு, காரம் கம்மி

கேளம்பாக்கத்தில் எங்கள் மேல்வீட்டுத் தம்பி புதிதாக ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். "சார், நீங்க சொல்லிட்டே இருப்பீங்களே, அந்த ஆல்பம். பழைய ரெக்கார்டிங்க நல்லா கழுவித் தொடச்சு மறுபடி விட்டிருக்காங்க, கேளுங்க" என்று போட்டான். பேஸ் கிதார் அப்படியே நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. மூன்று பாட்டு முடியும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "இது தப்பு" என்றேன். "இதான் சார் ஒரிஜினல்" என்றான். எனக்குச் சுர்ரென்று வந்தது.

ஆல்பத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தேடிக் கேட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். எங்களுக்கு அது பச்சை கேசட், அவ்வளவுதான். தொண்ணூறுகளில் மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு மாடி ஓட்டலில் அது இருந்தது. ஊருக்குக் கிளம்பும் வெள்ளைக்காரர்கள் பையின் பாரம் குறைய, கேட்டு அலுத்த கேசட்டுகளை அங்கே அலமாரியில் விட்டுப் போவார்கள். அந்த ஓட்டலில் சப்ளையர் என் சிநேகிதன் ஏகாம்பரம். நான் செங்கல்பட்டில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறானால் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து அவனிடம் போய்விடுவேன். இன்றும் எங்கேயாவது கணவாய் மீன் பொரிக்கும் வாசனை வந்தால் எனக்கு அந்தக் கிதார்தான் கேட்கும்.

கிதார் என்றால் தோசைக்கல்லைச் சுரண்டுகிற சத்தம். பாடுகிறவனுக்குப் பாட வராது, அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் கிடையாது. "சாவு வீட்ல கூட இதவிட நல்லா அழுவாங்கடா" என்றார், பிற்பாடு இதன் நகலை வீட்டில் கேட்ட அப்பா. "அவன் அழலப்பா, கோவப்படறான்" என்றேன். நம் சினிமாப் பாட்டில் காதலிக்க இடம் உண்டு, அழ இடம் உண்டு. காரணமில்லாமல் எரிச்சலாக இருப்பதற்கு எங்கே இடம்? எனக்கோ அந்த வயதில் எரிச்சலைத் தவிர வேறெதுவும் கைவசம் இல்லை. அடுத்த ஆல்பத்தில் இதே ஆட்கள் வயலினைச் சேர்த்தார்கள். அத்தோடு போச்சு. விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் உச்சம் என்று எழுதுகிறார்கள். எழுதிவிட்டுப் போகட்டும்.

பச்சை கேசட்டை வெளியே கொடுக்க முதலாளி ஒப்பவில்லை. ஆகவே வீட்டு டேப்ரிகார்டரைத் தூக்கிப் போய், ஓட்டல் டேப்ரிகார்டருக்கு எதிரே மூஞ்சிக்கு மூஞ்சி வைத்துப் பதிவு செய்தோம். யாரும் இருமக்கூடக் கூடாது என்பது சட்டம். மூன்றாம் பாட்டு முடிந்து நாலாவது தொடங்கும் இடைவெளியில், சமையற்கட்டைப் பார்த்து ஏகாம்பரம் ஒரு குரல் விட்டான்: "மூணாம் நெம்பரு, ரெண்டு கலமாரி, காரம் கம்மி." மூணாம் நெம்பரு என்றால் மூன்றாவது மேஜை; கணவாய்க்கு அங்கே கலமாரி என்று பெயர்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "இன்னாடா இப்டி பண்ட்ட?"

"இன்னா மச்சான், அது அவன் பொழப்பு, இது என் பொழப்பு. ரெண்டும் இருந்துட்டுப் போவட்டும்" என்றான்.

அந்தக் கேசட்டைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து இன்னொன்று என்று செங்கல்பட்டில் ஏழெட்டுப் பேர் கைக்குப் போனது. ஊரப்பாக்கத்துக்காரன் ஒருவன் அது பாட்டில் உள்ளதுதான், வெள்ளைக்காரன் தமிழில் பேசியிருக்கிறான் என்று பந்தயமே கட்டினான். எல்லோரும் கூடிக் கேட்கும்போது அந்த இடம் வந்தால் சேர்ந்து கத்துவோம்.

பிறகு ஏகாம்பரம் முட்டுக்காட்டில் ஒரு விடுதிக்கு மாறினான். ஈசிஆர் அகலமான புதிதில், சைக்கிளில் வேலைக்குப் போனவனை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டது. போய்ச் சேர்ந்தான். அவன் போட்டோ அவன் வீட்டில் இருக்கலாம். குரல் அந்தக் கேசட்டுகளில் மட்டும்தான் இருந்தது. என்னுடையது பூஞ்சை பிடித்து, ஒருநாள் சிக்கி அறுந்தது. மற்றவர்கள் சிடி வந்ததும் தங்களுடையதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஓட்டல் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை.

இதையெல்லாம் மேல்வீட்டுத் தம்பியிடம் சொல்லவில்லை. "இன்னொரு தடவ போடு" என்றேன். மூன்றாம் பாட்டு முடிந்தது. சுத்தமாக ஒன்றுமே இல்லாத இடைவெளி. தலை நரைத்தவன், பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று பாராமல், அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "மூணாம் நெம்பரு, ரெண்டு கலமாரி, காரம் கம்மி."

தம்பி மிரண்டுபோய் என்னைப் பார்த்தான்.

"இப்பதான்டா இது ஒரிஜினல்" என்றேன்.