அல்லதுக்குக் கீழே இருந்த கணக்கு

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழு. ஒவ்வொன்றிலும் இரண்டு கணக்குகள் இருக்கும். நடுவில் ‘அல்லது’ என்று அச்சடித்திருப்பார்கள். மேலே உள்ளதையோ கீழே உள்ளதையோ ஒன்றைப் போட்டால் போதும். ராஜபாளையத்தில் நான் படித்த பள்ளியில் பாதிப் பேர் இந்த அல்லதை நம்பித்தான் படித்தோம். பழைய வினாத்தாள்களை வரிசையாகப் பரப்பி, எந்தக் கணக்குக்கு எது ஜோடியாக வருகிறது என்று பார்ப்போம். ஜோடியில் ஒன்று தெரிந்துவிட்டால் மற்றதை விட்டுவிடலாம். எதைப் படிக்க வேண்டும் என்பதைவிட எதைப் படிக்காமல் தப்பிக்கலாம் என்பதற்குத்தான் எங்கள் மூளை அதிகம் செலவானது.

அந்த வேலையில் எனக்குப் பெயர் இருந்தது. தாள்களைப் பார்த்து நான் ‘இது வரும்’ என்றால் பெரும்பாலும் திருப்புதல் தேர்வில் வந்துவிடும். வகுப்பில் என்னை ‘கலெக்டரம்மா’ என்று கேலி செய்வார்கள். கேலி என்று தெரிந்தாலும் எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா நூல் மில்லில் வேலை. அம்மா பேண்டேஜ் துணி மடிக்கப் போவாள். வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். ரேஷன் கடை அறிவிப்பு, கரண்டு பில், பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த வங்கிக் கடிதம், எல்லாம் என் கைக்குத்தான் வரும். படித்துவிட்டு ‘எனக்குப் புரியவில்லை’ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. புரியாததையும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கிறேன். யாருக்குத் தெரியப்போகிறது?

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் சோழபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். நான் வேகமாகப் போடுவேன், அவள் நின்று நிதானமாகப் போடுவாள். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது என்று தெரியாமல் அவள் கீழே இறங்க மாட்டாள். அவளுக்கு சிவில் என்ஜினியரிங் படிக்க ஆசை. அவள் அப்பா ஒரே ஒரு வழிதான் திறந்து வைத்திருந்தார். அரசு கல்லூரியில் இடம் கிடைத்தால் படிக்கலாம், கிடைக்காவிட்டால் மில்லுக்கு மனுப் போட வேண்டும். இதை அவள் அழுதுகொண்டெல்லாம் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள். அதனால் அவளுக்குக் கணக்கில் ஒவ்வொரு மதிப்பெண்ணும் வேண்டியிருந்தது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் வினாத்தாள் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கோர்ட்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வெளி மாவட்டங்களின் அரையாண்டுத் தாள்கள்கூடக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தோம். கடை முழுக்கப் பட்டா நகலும் பத்திர நகலுமாகக் கூட்டம். கடைக்காரர் எங்களை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“என்ன நகல் வேணும்? பட்டாவா, அடங்கலா?”

“கணக்குத் தாளுண்ணே. பன்னெண்டாம் வகுப்பு.”

“எத்தனை வருசத்துக்கு?”

“இருக்கிற அம்புட்டும்” என்றேன்.

“ஏ யப்பா, நிலத்துக்கு முப்பது வருச வில்லங்கம் பாக்கிற மாதிரியில்ல கேக்குது பிள்ளை!” என்றார். வரிசையில் நின்ற வேட்டிக்காரர்கள் சிரித்தார்கள். ஸ்பைரல் போட்டு இரண்டு கட்டு வாங்கினோம். திரும்பும்போது பஸ்ஸிலேயே நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவுக்கு அந்தக் கட்டைப் பார்த்ததும் பயம்.

“ஏட்டி, இதெல்லாம் யாரு எழுதுன பரிச்சை?”

“முந்தி எழுதுனவங்களோடதும்மா. பழைய கேள்வித்தாள்.”

“அதான் முடிஞ்சு போச்சே. முடிஞ்ச பரிச்சைய நீ எதுக்கு மறுபடி போடுதே? வாத்தியாரு தண்டனையா குடுத்திருக்காரா?”

நான் சிரித்தேன். பெருமையாகவும் இருந்தது. எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை என்கிற பெருமை. இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மாலையில் பள்ளி விட்டதும் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்து வராந்தாவில் அவள் பஸ் வரும்வரை உட்கார்ந்து படிப்போம். ஒவ்வொரு தாளிலும் அணிகள் என்றால் பச்சை, கலப்பெண்கள் என்றால் சிவப்பு, இப்படிக் கோடு போட்டிருந்தேன். வகைக்கெழுச் சமன்பாடுகள் என்ற பாடத்துக்கு மட்டும் எந்த வண்ணமும் இல்லை. காரணம், அந்தப் பாடத்தின் பயன்பாட்டுக் கணக்குகள் எனக்கு வராது. கொதித்த தண்ணீர் ஓர் அறையில் ஆறிக்கொண்டிருக்கும். பத்து நிமிடத்தில் இவ்வளவு சூடு, இருபது நிமிடத்தில் எவ்வளவு என்று கேட்பார்கள். கையேட்டில் இருந்த விடையை மனப்பாடமாக எழுதுவேன். எண்ணை மாற்றினால் நின்றுவிடுவேன். தண்ணீரின் சூட்டிலிருந்து அறையின் சூட்டை ஏன் கழிக்க வேண்டும் என்பதே எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் அவள் அதே கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“இது எப்படின்னு செத்த சொல்லேன். எதுக்கு இந்த இருபத்தஞ்சக் கழிக்காங்க?”

‘எனக்கும் தெரியலை’ என்று சொல்ல ஒரு நொடி போதும். அவள் நோட்டு என் மடியில் திறந்தபடி இருந்தது. அவள் பார்வையில், கட்டாயம் சொல்லிவிடுவாள் என்கிற நம்பிக்கை இருந்தது. நான் நோட்டை மூடினேன்.

“அது வராது, விட்டுரு.”

“வராதா?”

“இங்க பாரு.” கட்டைப் பிரித்துத் தாள் தாளாகக் காட்டினேன். “இதுல கூம்பு வளைவுக்கு அல்லதா வந்திருக்கு. இதுல அணிக்கு அல்லது. இதுலயும் அப்படித்தான். எப்பவும் கீழதான் வரும். மேல உள்ளது உனக்குத் தலைகீழாத் தெரியும். பொறவு எதுக்கு இதப் போட்டு மண்டைய உடைக்கே?”

“ரெண்டுமே இந்தப் பாடத்துலயே கேட்டுட்டா?”

“இத்தனை தாள்ல எங்கயாவது அப்படிக் கேட்டிருக்காங்களா? காட்டு பாப்போம்.”

அவளால் காட்ட முடியவில்லை. நான் சொன்னது பொய்யும் இல்லை. அந்தத் தாள்களில் அப்படித்தான் இருந்தது. ஆனால் நான் அதைச் சொன்ன காரணம் தாள்களில் இல்லை.

“சரி கலெக்டரம்மா, நீ சொன்னா சரிதான்” என்று சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத்தின் மூலையை மடித்தாள். விட்டுவிட வேண்டிய பக்கங்களை அவள் அப்படித்தான் மடித்து வைப்பாள்.

அன்று முதல் எனக்கு அந்தக் கணக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்காக என்று சொன்னால் அது பொய். வந்துவிட்டால் என் மதிப்பெண் போய்விடுமே என்றுதான். நான்கைந்து நாள் கழித்து, அவள் காய்ச்சலில் வராத ஒரு நாள், ஆசிரியர் அறைக்குத் தனியாகப் போனேன். கணித சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த டம்ளரைக் காட்டியே கேட்டார்.

“இது எது வரைக்கும் ஆறும்?”

“முழுசும் ஆறும் சார்.”

“ஐஸ் ஆகிருமா?”

“இல்ல சார். இந்த ரூம்பு சூட்டுக்கு வந்ததும் நின்னுரும்.”

“அப்ப இன்னும் ஆற வேண்டியது எம்புட்டு? இதோட சூட்டுல ரூம்பு சூட்டக் கழிச்சது. அதத்தான் கணக்குல எழுதுறோம். அம்புட்டுதான்.”

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் என்னை எதுவும் சொல்லவில்லை, இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்றுகூட. வீட்டுக்குப் போய் அந்தப் பாடத்தின் எல்லாக் கணக்குகளையும் போட்டேன். எல்லாம் வந்தது.

மறுநாள் அவள் வந்தாள். சொல்லியிருக்கலாம். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆனால் சொன்னால், முதலில் தெரியாமல்தான் விடச் சொன்னேன் என்பதும் வெளியே வந்துவிடும். நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளினேன். பிறகு எப்படியும் வராது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என் தாள் கட்டில் அந்தப் பாடத்துக்கு அப்போதும் வண்ணம் போடாமலே வைத்திருந்தேன், நான் படித்துவிட்டது அவள் கண்ணில் படக்கூடாது என்று.

தேர்வன்று அவள் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால். வினாத்தாளைப் புரட்டினேன். ஐந்து மதிப்பெண் பகுதியில் மேலே ஆறுகிற தண்ணீர். அல்லது. கீழே கிருமிகள் பெருகும் கணக்கு. இரண்டும் அதே பாடம். மூன்று மதிப்பெண் பகுதியின் கட்டாய வினாவும் அந்தப் பாடத்திலிருந்தே வந்திருந்தது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. தாளைப் புரட்டுகிறாள், மறுபடியும் அதே பக்கத்துக்கு வருகிறாள், மறுபடியும் புரட்டுகிறாள். பிறகு கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து எழுத ஆரம்பித்தேன். தண்ணீர் கணக்கை முழுதாகப் போட்டேன், விடைக்கு அடியில் கோடும் போட்டேன்.

வெளியே வந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

“ரெண்டுமே வந்திருச்சு பாத்தியா? அதுலயே முக்கா மணி நேரம் உக்காந்துட்டேன். தெரிஞ்சதையும் முடிக்க முடியலை. நீ என்ன பண்ணே?”

“ஏதோ எழுதினேன்” என்றேன்.

“எழுதினயா? நல்ல வேளை. ஒனக்காவது கெடைக்கும்.”

எனக்குத் தொண்ணூற்று நான்கு. அவளுக்கு எழுபத்தெட்டு. அரசு கல்லூரிகளில் அவள் கேட்ட பிரிவு அவள் முறை வருமுன்பே முடிந்துவிட்டது. அந்தக் கணக்குகளை அவள் போட்டிருந்தாலும் கிடைத்திருக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கிடைத்திருக்காது என்றும் சொல்ல முடியாது. அந்த ஆவணியிலேயே அவள் மில்லில் சேர்ந்தாள், நூலின் தரம் பார்க்கும் பிரிவில். நான் கணிதம் படித்து, பி.எட். முடித்து, இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். தினமும் ராஜபாளையத்திலிருந்து போய் வருகிறேன்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். கோயிலுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாள். ராஜபாளையம் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். மில்லில் அவள்தான் இப்போது அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாம். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சதவீதம் போடக்கூடத் தெரியவில்லை என்று சிரித்தாள்.

“என் தங்கச்சி இந்த வருசம் பன்னெண்டு. சனிக்கிழமை சனிக்கிழமை ஒங்கிட்ட அனுப்பட்டுமா? நீ தாளு பாத்துச் சொல்றதுல கெட்டிக்காரி. நீ இருந்ததுனாலதான் நானும் அம்புட்டாவது எழுதினேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் பேசாமலே இருந்திருப்பேன். சொன்னேன். அன்றைக்கு எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது என்று சொன்னேன். அதனால்தான் வராது என்றேன், பிறகு சாரிடம் போய்க் கற்றுக்கொண்டேன், உன்னிடம் மறைத்தேன், பரீட்சையில் முழுதாக எழுதினேன். கோர்வையாக வரவில்லை. பாதியில் கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்து போனார்.

ராஜபாளையம் நெருங்கும்போதுதான் அவள் கேட்டாள்.

“நான் காய்ச்சல்னு ஒருநாள் வரலைலா, அன்னைக்கா சார்ட்ட போய்க் கேட்டே?”

“ஆமா.”

“தெரியலைன்னு சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்தே போயிருப்போம்லா. நான் என்ன, ஒன்னயவா கேலி பண்ணியிருப்பேன்?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பஸ் நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டு, “சரி, வாரேன்” என்று இறங்கினாள். சோழபுரம் பஸ் பக்கம் நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றே அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். தங்கையை அனுப்பு, ஒரு பாடமும் விடாமல் நடத்துகிறேன், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டு வந்து சொல்கிறேன் என்று எழுதினேன். அவள் பார்த்துவிட்டதற்கான நீலக் குறி வந்தது. அந்தச் சனிக்கிழமை வீட்டிலேயே இருந்தேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் இருந்தேன். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் எழுந்து பார்த்தேன். அவள் தங்கை வரவில்லை.