பதினேழாம் கேசட்

லிஃப்ட்காரர் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்த அன்று அவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்.

"படத்துல இங்கிலீஷ் பேசினா புரியுமா?"

"புரியும்."

"ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருமா?"

"வராது."

வாடகைப் பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இங்கிலீஷ் புரியாது என்று சொல்லி அந்த அறையைப் பிடிப்பதைவிட தெருவில் படுத்துக்கொள்வது மேல் என்று இருந்திருப்பேன். "சரிங்கண்ணா" என்று பெட்டியைத் தூக்கினேன். அவர் முகம் சட்டென்று மாறியது.

"அண்ணா எல்லாம் வேண்டாம். சார்னே கூப்பிடு."

பத்தொன்பது வயதில் லிஃப்ட் கம்பெனியில் எண்ணெய் போடும் ஆளாகச் சேர்ந்தவர் அவர். முப்பத்தெட்டு வருடங்களாக உயரமான கட்டடங்களின் நடுவில் இருக்கும் இருட்டுக் குழிகளுக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார். லிஃப்டுக்குள் நாம் நிற்போம். அவர் அதன் கூரைமேல் நிற்பார். கையில் டார்ச் இருந்தாலும் காதை வைத்துத்தான் வேலை பார்ப்பார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மூணாவது மாடிகிட்ட ரோலர் தேஞ்சிருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் தேய்ந்திருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "பாதி நாள் குழியில இருக்கேன், மீதி நாள் தூங்கறேன், எதுக்கு ஒருத்தியைப் பிடிச்சு உக்கார வைக்கணும்" என்பார்.

குழியிலும் இல்லாமல் தூங்கவும் செய்யாத ஒரே நேரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்போது கூடத்து ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டு, பீரோவைத் திறப்பார். அதில் துணி இருக்காது. ஐம்பத்திரண்டு வீடியோ கேசட்டுகள் இருக்கும், படப் பெயரின் அகரவரிசையில் எண் போட்டு. எல்லாம் பழைய இத்தாலியக் கொலைப் படங்கள்.

எங்கள் ஊர்க் கொட்டகையில் நான் பார்த்து வளர்ந்த படங்களுக்கும் இவற்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எல்லாப் படத்திலும் ஒரு கறுப்புக் கையுறை வரும். கையுறைக்குள் சவரக்கத்தி இருக்கும். யாருடைய கை என்பது கடைசிப் பத்து நிமிடத்தில்தான் தெரியும். அதற்குள் ஆறேழு பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். வீடுகள் அவ்வளவு அழகாக இருக்கும், சுவர் எல்லாம் பச்சையும் சிவப்புமாக. அந்த வீட்டில் குடியிருக்க ஒருத்தர் கழுத்தைக் கொடுக்க வேண்டும் என்றால் கொடுத்துவிடலாம் போலிருக்கும். ரத்தம் மட்டும் கதவுக்கு அடிக்கிற பெயின்ட் போல இருக்கும்.

கதை என்று பார்த்தால் ஓட்டைச் சல்லடை. செத்துக் கிடப்பவள் கண் சிமிட்டுவாள். மழையில் ஓடி வந்தவனின் சட்டை உள்ளே வந்ததும் காய்ந்திருக்கும். போலீஸ்காரர் எல்லோரையும் சந்தேகப்படுவார், கொலை நடக்கும் வீட்டுக்கு மட்டும் போக மாட்டார். இத்தாலிக்காரர்கள் இத்தாலியில் நின்றுகொண்டு இங்கிலீஷ் பேசுவார்கள். யாரோ பின்னால் சேர்த்த குரல். வாய் ஒன்று சொல்லும், சத்தம் வேறொன்று சொல்லும். சில சமயம் வாய் மூடிய பிறகும் பேச்சு தொடரும்.

அந்தத் தப்புகளுக்காகத்தான் நாங்கள் பார்த்தோம் என்றுகூடச் சொல்லலாம்.

"பார்த்தியா, கத்தி இடது கைக்கு மாறிடுச்சு."

"சார், அந்தச் சுவத்துல மைக்கோட நிழல்."

"ஆமாண்டா. கொலைகாரனுக்கு மைக் பிடிக்கக் கூட ஒரு ஆள் வெச்சிருக்கான்."

முக்கியமான பேச்சு வந்தால் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்புவார். "பட்டம் வாங்கினவன் சொல்லு. என்ன சொல்றா?" நான் சொல்வேன். புரியாத இடத்தில் நானே ஒரு வசனம் எழுதிச் சேர்ப்பேன். இத்தாலிக்காரர்கள் எழுதியதைவிட அது பொருத்தமாகவே இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்தக் கேசட்டுகளை எடுத்தவன் அவருடைய தம்பிதான். விசேஷ வீடுகளில் படம் எடுக்கும் ஒரு வீடியோக்காரரிடம் விளக்குப் பிடிக்கும் வேலை பார்த்தான். வாடகைக் கடையில் ஒரு நாளைக்கு மட்டும்தான் கேசட் கொடுப்பார்கள். பிரதி எடுக்க, கேசட் ஓட்டும் டெக் இரண்டு வேண்டும். வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அதனால் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். முதலாளியின் காமிராவை ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கி வந்து, டிவிக்கு எதிரே முக்காலியில் நிறுத்தி, ஓடுகிற படத்தை அப்படியே படம் பிடித்தான். அதுதான் பிரதி.

அதனால் எங்கள் பிரதிகளில் படம் மட்டும் இல்லை. கறுப்புப் பட்டை ஒன்று திரையில் கீழிருந்து மேலே ஊர்ந்துகொண்டே இருக்கும். இத்தாலியில் ஒருத்தி அலறும்போது இந்தக் கூடத்தில் ஒருவர் இருமுவார். தட்டு விழும். இருபத்தாறு வருடங்களுக்கு முன் போன ஒரு லாரி ஹாரன் அடிக்கும். காட்சி இருட்டாகிவிட்டால் டிவிக் கண்ணாடியில் இந்தக் கூடமே தெரியும்: இதே ஜன்னல், இதே சாய்வு நாற்காலி, அதில் உட்கார்ந்திருக்கும் இளவயது லிஃப்ட்காரர். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் திரும்பி நாற்காலியைப் பார்த்தேன். அவர் இன்று உட்கார்ந்திருந்த அதே நாற்காலிக்குள் இன்னொரு அவர் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழாம் எண் கேசட்டை மட்டும் அவர் போட்டதில்லை. கேட்டால், "பூஞ்சை பிடிச்சிருக்கு" என்பார்.

அது பொய் என்று அவருடைய தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாதம் ஒரு தடவை வருவாள். அண்ணனிடம் நலம் விசாரிப்பாள், நாற்காலி நுனியில் உட்காருவாள், அரை மணியில் கிளம்பிவிடுவாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் திரை போட்டிருந்தோம்.

"இன்னும் கையுறை தீரலையா?" என்றாள். என்னைப் பார்த்து, "நீயும் இதுல விழுந்துட்டியா? படிச்ச பிள்ளைதானே நீ."

"எல்லாம் ரெண்டு தடவ பார்த்தாச்சு டீச்சர். பதினேழு மட்டும் பாக்கி."

வாய் தவறிச் சொன்னதுதான். அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"ஏன் பாக்கின்னு சொல்லலையா அவன்கிட்ட?"

"பூஞ்சை," என்றார் அவர்.

"பூஞ்சையா? அது சின்னவன் போன அன்னிக்கு எடுத்தது." பிறகு என்னிடமே சொன்னாள். கணக்குப் பாடம் நடத்துவது போல நிதானமாகத்தான் சொன்னாள். தம்பிக்கு லிஃப்ட் கம்பெனியில் அண்ணன் வேலை வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் கூரைமேல் நிற்கச் சொன்னபோது பயந்து இறங்கி வந்துவிட்டான், மறுபடி போகவில்லை. கம்பெனி முதலாளி முன்னால் அண்ணனுக்குத் தலைகுனிவு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, "நீ இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டார். அன்று மத்தியானமும் தம்பி வழக்கம்போலக் காமிராவை வைத்துப் படத்தை ஓடவிட்டான். படம் முடிவதற்குள் வீட்டைவிட்டுப் போனான். பிறகு ஒரு கடிதம், ஒரு தகவல் கிடையாது.

"நான் தூங்கிட்டேன். தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?" என்றார் லிஃப்ட்காரர்.

"கூரைமேல நின்னுக்கிட்டு ரோலர் தேஞ்சது கேக்குது உனக்கு. கதவு திறந்தது கேக்கலையா?"

"தூங்கறவனுக்கு எப்படிக் கேக்கும்?"

"நீ தூங்கலன்னு நான் சொல்றேன். இருபத்தாறு வருஷமா சொல்றேன்."

"தூங்கினேன்னு நானும் இருபத்தாறு வருஷமா சொல்றேன்."

"அப்ப போடு," என்றாள். "பயம் இல்லன்னா போடு. இன்னியோட இந்தப் பேச்சு முடியட்டும்."

அவர் எழுந்து போய் எடுத்தார். பூஞ்சை எதுவும் இல்லை. டெக் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டது.

ஏரிக்கரையில் ஒரு மாளிகை, அதில் வரிசையாகச் சாகும் ஒரு குடும்பம். நல்ல மோசமான படம். முதல் கொலையில் கையுறையின் ஒரு விரல் கிழிந்திருந்தது. அடுத்த காட்சியில் கிழியவில்லை. பழக்கத்தில் நான், "சார், விரல்" என்றேன். அவர் கண்ணை மூடியிருந்தார். வேலைக்குப் போகும் கட்டடத்தில் நிற்பது போல.

ஒரு மணி நேரம் போயிருக்கும். மாளிகையில் விளக்கு அணைந்தது. ஒருத்தி நீண்ட நடைபாதையில் கையால் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். திரை முழுக்க இருட்டாக, கண்ணாடியில் கூடம் எழுந்தது. நாற்காலி. நாற்காலியில் ஒருவர், தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"பார்த்தியா," என்றார் அவர், கண்ணைத் திறந்து. "தூங்கறேன்."

நாற்காலிக்குப் பின்னால் மெல்லிய ஓர் உருவம் வந்து நின்றது. தோளில் பை. வெகுநேரம் அசையவே இல்லை. கறுப்புப் பட்டை அவன் கால், இடுப்பு, முகம் என்று அழித்துக்கொண்டு மேலே போனது. மறுபடி கீழிருந்து வந்தது. படத்துப் பெண் நின்று காமிராவைப் பார்த்து வாயைத் திறந்தாள். அந்த இங்கிலீஷ் குரல் வரவில்லை. அவள் வாயிலிருந்து ஓர் ஆண்குரல் தமிழில் வந்தது.

"அண்ணா."

தங்கை தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா, நான் கிளம்பறேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. இருந்துடறேன்."

அந்தப் பெண்ணின் உதடுகள் அவ்வளவு நேரம் எந்தப் பேச்சுக்கும் ஒத்து வராதவை. இதற்கு மட்டும் ஒத்து வந்தன. நாற்காலியில் இருந்தவர் அசையவில்லை. உருவம் கண்ணாடியை விட்டு விலகியது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"தூங்கறேன்ல?" என்றார் லிஃப்ட்காரர். "நீயே பாரு. தூங்கறேன்."

அப்போது நாற்காலியில் இருந்தவர் தலையை நிமிர்த்தினார். தூங்கி எழுந்த ஆள் தடுமாறுவான், கண்ணைக் கசக்குவான். இவர் நேராக எழுந்து நடந்து போனார். டக் என்று ஒரு சத்தம். எங்களுக்குப் பின்னால் இருந்த அதே கதவின் தாழ்ப்பாள். நான் திரும்பிப் பார்த்தேன், கதவு சும்மாதான் இருந்தது. கண்ணாடிக்குள் அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார், படம் பார்க்க.

தங்கை அழவில்லை. இருபத்தாறு வருடமாக வைத்திருந்த விடை சரியாக வந்துவிட்டது; அதை எங்கே வைப்பது என்று தெரியாதவளாக இருந்தாள். நான் நிறுத்துவதற்குக் கை நீட்டினேன். லிஃப்ட்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் இரும்பாக இருந்தன.

"விடு. ஓடட்டும்."

காட்சி மாறியது. நடுப்பகல். வெளிச்சத்தில் கண்ணாடி கூடத்தைக் காட்டுவதை நிறுத்திக்கொண்டது. ஏரியின் நடுவில் ஒரு படகு, அதில் ஒருவன் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். சுற்றிலும் தண்ணீர்தான். பின்னணி இசைக்கு அடியில் தட்டும் சத்தம் கேட்டது. மரக்கதவில் விரல் மடக்கித் தட்டுவது போல. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இன்னொன்று.

வேறொரு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கத்தியிருப்போம், ஏரி நடுவில் எங்கேடா கதவு என்று. படகுக்காரன் துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தான். சத்தம் நின்றுவிட்டது. நாற்காலியில் இருந்தவர் எழுந்தாரா என்பதைப் பார்க்க இருட்டு இல்லை.

தங்கை நாற்காலி நுனியிலிருந்து இறங்கி, அண்ணன் காலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"அது படத்தோட தப்புண்ணா," என்றாள். "எல்லாப் படத்துலயும் இப்படித்தானே ஏதாவது கன்னாபின்னான்னு வரும். நீதானே சொல்வ."

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, நீ சொல்லேன்," என்று என்னைப் பார்த்தாள். "படத்துல வர்ற சத்தம்தானே? இந்த மாதிரி வரும்தானே?"

இங்கிலீஷ் புரியாத இடங்களில் எத்தனையோ வசனங்களை நானே எழுதிச் சேர்த்தவன். அன்று எனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. "வரும் டீச்சர்" என்று மட்டும் சொன்னேன்.

"கேட்டியா? அவன் படிச்சவன், அவனே சொல்றான்."

"இல்லம்மா," என்றார் லிஃப்ட்காரர். கண்கள் இன்னும் மூடியே இருந்தன. "நாலு தடவ தட்டினான்."

டேப்பில் மூன்றுதான் இருந்தது.